சுமை இறங்கிய பின் வரும் பாதை

'கிறிஸ்தவக் கம்பர்' எனப் போற்றப்படும் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வந்தது. ஜான் பனியன் 1678இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பயணக் கதையைத் தழுவிய காப்பியம் இது. "விசுவாசம் வந்துட்டா கஷ்டமெல்லாம் போயிடும்" என்பவர்கள் நம்மிடையே உண்டு. இந்த நூல் அப்படிச் சொல்லவில்லை என்பதே என் வாசிப்பு.

கதையின் அமைப்பைப் பாருங்கள். பயணியின் முதுகுச் சுமை, பாதி வழிக்கு முன்பே, சிலுவையடியில் விழுந்துவிடுகிறது. செங்குத்தான மலை, போர், உடன் வந்த நண்பனின் கொலை, சிறை, மரண ஆறு எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே மகிழ்ச்சி, துன்பப்பட்டதற்குக் கிடைக்கும் கூலி அல்ல; துன்பத்தைக் கடக்க முன்னதாகவே கையில் தரப்படும் கட்டுச்சோறு.

இந்த அமைப்பு பனியனுடையது. பிள்ளையவர்களோ கிறிஸ்துவின் பாடுகளை விரித்துப் பாடி, இடையிடையே தேவாரங்களையும் வைத்தார். 1858இல் ஞானஸ்நானம் பெறுமுன் வைணவராக வளர்ந்தவர் அவர். அழுகையும் ஆனந்தமும் ஒரே பாட்டில் கலப்பது நம் பக்தி மரபு. வருணனைகள் சில இடங்களில் நீண்டு கதையைத் தடுக்கின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் அந்தத் தேவாரங்களை வீட்டில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வழிநடைக்குப் பாட்டு எதற்கு என்று, ஊர்விட்டு வந்த நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.