காட்டுதலும் காணுதலும்

உயிர் அறிவுடைப் பொருளேயாயினும், முதல்வன் காட்டியும் உடனின்று கண்டும் உபகரித்தாலன்றி எதனையும் அறியமாட்டாது என்பது சித்தாந்தத் துணிபு. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்னும் இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் அறிவு நிகழாது. புதுச்சேரிச் சைவ ஏடுகளைக் கணினியிலேற்றும் பணியை இவ்வளவைகொண்டு ஆராய்தல் தகும்.

1955இல் ழான் ஃபிலியோசா நிறுவிய பிரெஞ்சு நிறுவனம், பண்டிதர் என். ஆர். பட் முதலியோரைக் கொண்டு, கோயில்களிலும் சிவாசாரியர் இல்லங்களிலும் செல்லரித்துக் கிடந்த ஆகமச் சுவடிகளைத் திரட்டிற்று. இந்நிறுவனத்திலும் தூரகிழக்குப் பிரெஞ்சுக் கல்விக்கழகத்திலும் உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. 2007இல் இவ்விரண்டும் கூடி, வி. மீ. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில உரையோடும் ஓதுவார் இசையோடும் தேவாரத்தைக் கணினியில் வெளியிட்டன. காகிதப் படிகளின் நிழற்படங்கள் முக்தபோத நிறுவனத்தின் துணையால் யாவர்க்கும் எட்டின. புதுச்சேரியின் வடபாற் கடற்கரைச் சிற்றூராகிய கனகசெட்டிக்குளத்து அன்பரும் இல்லிலிருந்தே இவற்றைக் காணலாம். முற்காலத்துப் பெரும்புலவர்க்கும் வாயாத பேறு இது.

எனினும் இவையெல்லாம் காட்டும் உபகாரத்தின்பாற் படுவனவே. ஏடுகளிற் பெரும்பாலன கிரந்த எழுத்தின. அவ்வெழுத்தறியார்க்கு நிழற்படம் வெறும் கீறலேயாம். சிவஞானபோதச் சூத்திரங்கள் இரௌரவாகமத்துப் பாசவிமோசனப் படலத்தன என்பது வழிவழி வந்த கொள்கை. 1961 முதல் இந்நிறுவனம் பதிப்பித்த இரௌரவத்தில் அவை காணப்பட்டில. இஃது அருணூலின் பெருமைக்கு இழுக்கன்று. ஆயினும் சைவர் வாளா கடந்து போதற்குரியதுமன்று. படலங்களை ஒப்புநோக்கிப் பாடபேதம் தெளியும் கண்ணுடையாரே அதனை ஆராய வல்லர். கணினி சொல்லைத் தேடித் தரும். சொல்லின் கருத்தைத் துணிந்து தாராது. தேவாரத்திலும், ஒரு சொல் வருமிடமெல்லாம் நொடியிற் கிடைப்பினும், பதிகத்தின் பொருளியைபும் பண்ணின் பயிற்சியும் ஆசிரியன்பாற் கேட்டே அடையற்பாலன.

ஆகலின் நிறுவனங்கள் தம்முட் கூடுதல் மட்டும் அமையாது. திருமடங்களும் ஆகம பாடசாலைகளும் ஓதுவாமூர்த்திகளும் அக்கூட்டுறவிற் புகுதல் வேண்டும். பிழை திருத்துதலும் பொருள் காட்டுதலும் அவர்தம் கடன். அவர் திருத்தியதை ஏற்று நிழற்படத்தோடு இணைத்தல் நிறுவனங்களின் கடன். ஒவ்வோர் ஆதீனமும் மாணாக்கர் சிலர்க்கேனும் கிரந்தம் பயிற்றுமாயின் இக்குறை நீங்கும். விளக்கு ஏற்றப்பட்டுவிட்டது; கண் திறத்தல் சைவ நன்மக்கள் கடனாம்.