ஜாக்கி சானும் என் ரிமோட்டும்

ஜாக்கி சானைப் பிடிக்கும் என்றால், 'அந்த ஆளையா?' என்று முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும், காரணம் இருக்கிறது. 2009-ல் சீனாவின் போஆவ் மாநாட்டில், சுதந்திரம் அதிகமானால் ஹாங்காங் மாதிரி குழப்பம்தான், சீனர்களைக் கட்டுப்படுத்தித்தான் வைக்கணும் என்கிற ரீதியில் பேசினார். சொந்த ஊரான ஹாங்காங்கே கொதித்தது. 2021-ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர ஆசை என்றார்.

எனக்கும் கசந்தது சார். 'போலீஸ் ஸ்டோரி' (1985) பார்த்திருப்பீர்கள். கொலைப்பழி விழுந்த போலீஸ்காரர் மேலதிகாரியையே பிணையாகப் பிடித்துக்கொண்டு தப்பிப்பார். கடைசியில் ஒரு ஷாப்பிங் மாலையே கண்ணாடித் தூளாக்குவார். சீரியல் பல்பு சுற்றிய கம்பத்தில் சர்ரென்று வழுக்கி இறங்குவாரே, டூப் கிடையாது. நிஜமாகவே கை வெந்துபோனது. கட்டுப்படுத்தி வைத்திருந்தால் இந்தப் படம் எங்கே வந்திருக்கும்? இது அவருக்கே தோணலையே என்பதுதான் என் கோபம்.

ஆனாலும் டிவியில் அவர் வந்தால் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிறேன். புரூஸ் லீ அடித்தால் எதிராளிக்கு வலிக்கும். ஜாக்கி அடித்தால் அவருக்கும் வலிக்கும், கையை உதறிக்கொள்வார். படம் முடிந்ததும் சொதப்பியதை, விழுந்ததையெல்லாம் அவரே போட்டுக் காட்டுவார். 'ஆர்மர் ஆஃப் காட்' படப்பிடிப்பில் மரத்திலிருந்து விழுந்து மண்டை உடைந்ததைக்கூட மறைக்கவில்லை.

போஆவ் பேச்சுக்கு மட்டும் அப்படியொரு ரீலைக் காணோம்.