மூன்று ஆயுதங்கள், மூன்று அண்ணன்தம்பிகள்

சிதறிப்போன மந்திர வாள்களைத் தேடி ஒன்றுசேர்ப்பது சாகச விளையாட்டுகளுக்கு அலுக்காத கதையாடல். ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதற்காக லாரன்ஸ் ஷிக் எழுதி 1979-இல் வந்த 'ஒயிட் ப்ளூம் மவுண்டன்' என்ற பிரதியை எடுத்துக்கொள்வோம். செல்வந்தர்கள் சேர்த்துவைத்திருந்த மூன்று மந்திர ஆயுதங்கள் களவு போகின்றன: ஒரு சுத்தியல், ஒரு சூலம், ஒரு கறுப்பு வாள். எரிமலைக்குள் புகுந்து அவற்றை மீட்பதுதான் ஆட்டம். அந்த வாள் வெட்டுப்பட்டவரின் ஆன்மாவையே தின்னும். அப்படிப்பட்டதை யாரோ பணக்காரர் பூட்டி வைத்திருக்கலாமா என்ற கேள்வி பிரதிக்குள் எழுவதே இல்லை. சாகசம்னு பேரு, பார்க்கிறது என்னவோ பண்ணையாருக்கு அடியாள் வேலை! மலைக்குள் இருக்கும் உயிர்களோ வெறும் தடைகள், வெட்டிக்கொண்டே போகலாம்.

இதைக் கல்வராயன் மலையில் உட்கார்ந்து வாசித்தால்? அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரிடமும் (கேரளத்தாரல்ல, தமிழ் பேசும் மலைவாசிகள்) மூவர் கதை ஒன்று உண்டு. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்துபோனார்கள். 1909-இல் தர்ஸ்டன் தொகுத்த வடிவமொன்றில் மூவரும் வெவ்வேறு சாதிப் பெண்களை மணக்கிறார்கள். இழந்ததை மீட்கவோ மறுபடி ஒன்றுசேரவோ இந்தக் கதைக்கு அவசரமில்லை. தூய ரத்தத்தின் வாரிசு கைக்கு மட்டுமே வாள் ஒளிரும் என்கிற புனைவுகளுக்கு நேர் எதிரான கற்பனை இது. எனக்கு இதுவே பெரிய கற்பனையாகப் படுகிறது.

கதை அப்படி, மலையை ஆண்டவர்கள் வேறு. ஜடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்கள். 1976 வரை அந்த ஆட்சி நீடித்தது, மக்கள் ஓட்டுப் போட்டதே 1990-களில்தான் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துச்சொல்லப்பட்டது. கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்துக்குச் செத்த பிறகே அந்த மலை நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது.

அண்ணன்தம்பிகளைப் பிரிக்க இன்று வாள் எதுக்கு? பட்டியல் போதும். பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்திலேயே மாவட்டங்கள் அடைப்புக்குறிக்குள் நிற்கின்றன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சி. பழைய தென்னாற்காட்டின் பிள்ளை என்பதால் கள்ளக்குறிச்சி உள்ளே. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலை வெளியே. அதே பெயர், அதே மக்கள், சாதிச் சான்றிதழ் மட்டும் வேற. பர்கூர்க்காரர்கள் பல காலமாகக் கேட்டுவந்திருப்பது அந்த அடைப்புக்குறிக்குள் இன்னொரு மாவட்டத்தின் பெயர்.