சிக்கனம் என்ற பெயரில் சோம்பல்

வாடிப்பட்டியில் ஒரு தையற்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்திரம் ஒன்று, தையற்காரர் இருவர். ஒருவர் எழுந்து மற்றவர் அமரும்போது, முன்னவர் தம் அளவுச் சீட்டை எடுத்துவிட வேண்டும். பின்னவர் தம் சீட்டை வைக்க வேண்டும்.

ஒரே கணிப்பொறியைப் பல மெய்நிகர்க் கணிப்பொறிகளாகப் பகிர்ந்தளிக்கும் 'ஹைப்பர்வைசர்' நிரலின் வேலையும் இதுவே. செயலியின் பதிவகங்களில் உள்ள எண்களே அளவுச் சீட்டுகள். முறை மாறும்போது அவற்றை நினைவகத்தில் சேமித்து, அடுத்தவருடையதை ஏற்ற வேண்டும்.

இதில் ஒரு குறுக்குவழி உண்டு. தசமக் கணக்குகளுக்கான பதிவகங்களை உடனே மாற்றாமல், முன்னவர் சீட்டின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிடுவது! பின்னவர் அதைத் தொட முயன்றால் மட்டும் செயலி தடுத்து நிறுத்தும், அப்போது மாற்றிக்கொள்ளலாம். 1982-இல் வந்த இன்டெல் 80286 செயலியிலேயே இதற்கென ஓர் அடையாள பிட் இருந்தது.

அன்று இது நியாயமே. தசமக் கணக்குக்குத் தனிச் சில்லு வேண்டியிருந்தது. அதைப் பயன்படுத்திய நிரல்களும் சிலவே. இன்றோ தகவலை நகலெடுப்பது முதல் மறையாக்கம் வரை இந்த வகைப் பதிவகங்களில்தான் நடக்கிறது. துணியை அடிக்கடி விலக்க நேர்வதால், தடுத்து நிறுத்தும் செலவே மிகுந்துவிடுகிறது. லினக்ஸ் 2016-இல் உடனடிச் சேமிப்பையே பொதுவிதியாக்கியது.

2018 ஜூனில் இன்னொரு குறையும் வெளிப்பட்டது. இன்டெல் கோர் செயலிகள், தடை விழுமுன்பே அடுத்த கட்டளைகளை ஊகித்துச் செய்து பார்ப்பவை. அந்தக் கண நேரத்தில் துணிக்கடியில் உள்ள எண் படிக்கப்பட்டு, இடைநினைவகத்தில் தடம் பதிகிறது. நேரத்தை அளந்து தடத்தைக் கண்டால் எண்ணையும் அறியலாம். அது மறையாக்கத் திறவுகோலாகவும் இருக்கலாம். எவரும் எளிதில் செய்யும் திருட்டன்று, ஆனால் இயலாததன்று. ஸென் உள்ளிட்ட ஹைப்பர்வைசர்களும் திருத்தப்பட வேண்டியதாயிற்று. மருந்து ஒன்றே: முறை மாறும்போதே முழுதும் மாற்றிவிடுவது.

பழைய பொறியாளரை நாம் குறை சொல்லவில்லை. ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் கணிப்பொறியில் மிஞ்சிய சீட்டால் பெருந்தீங்கில்லை. முன்பின் அறியாதவர்கள் ஒரே செயலியை வாடகைக்குப் பகிரும் காலம் வந்தபின்பும் அந்தப் பழைய கணக்கைத் திருப்பிப் பார்க்காததே குற்றம்.

நிரல் எழுதக் கற்கும் மாணவ நண்பர்களே! 'பிறகு சேமித்துக்கொள்ளலாம்' என்று எங்கேனும் கண்டால், ஒரு கேள்வி கேளுங்கள்: அதுவரை மேசைமேல் கிடப்பது யாருடைய சீட்டு?