நாற்பது குரலுக்கு ஒரு பாட்டு

நம்முடையது தனிக்குரல் இசை, சேர்ந்திசை அதற்கு ஒட்டாது என்ற பேச்சு சபா வட்டாரங்களில் முடிந்த முடிவுபோல உலவுகிறது. கமகம் நிறைந்த இசையில் நாற்பது பேர் சேர்ந்தால் இரைச்சல்தான் மிஞ்சுமாம். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனை (எம்.பி.எஸ்.) மறந்தவர்கள்தான் இப்படிப் பேச முடியும்.

பிரபந்த கோஷ்டியும் பஜனை மடமும் கூட்டமாகப் பாடியவைதான். எல்லோருக்கும் ஒரே மெட்டு. நான்கு பாகங்களாகப் பிரிந்து பாடும் பழக்கம் தேவாலயங்களின் வழியே வந்தது. 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் அதை அழகாக வளர்த்தது, ஐரோப்பியப் படைப்புகளைக் கொண்டு. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறை தனி வித்வானை நடுவில் அமர்த்தியது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் உருவானபோது வழக்கு பாட்டின் மொழியைப் பற்றியது. எத்தனை குரல் என்ற கேள்வி அதில் இல்லை.

அந்தக் கேள்வி இப்டா என்ற இந்திய மக்கள் நாடக மன்றத்தின் மேடைகளிலிருந்து வந்தது. சலில் சௌத்ரி 1958இல் பம்பாய் யூத் கொயரைத் தொடங்கினார். 1970களின் தொடக்கத்தில் சென்னையில் மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கினார் எம்.பி.எஸ். யேசுதாஸை முதன்முதலில் திரையில் பாடவைத்தவர் என்று கேரளம் அவரைக் கொண்டாடுகிறது. ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்துக்கு இசையமைத்த அவரைத் தமிழ்நாடு ஏறக்குறையக் கைவிட்டுவிட்டது. பாரதியை அவர் குழுவுக்கென்றே மெட்டமைத்தார், குரல்களைப் பாகம் பிரித்தார். அவருடைய மேதைமை இங்கேதான்.

இது ஏன் பெரிய காரியம் என்பது பாடுகிறவர்களுக்குத் தெரியும். நம் ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பழகியவர்கள். ஒரே சுருதியில் ஒரே மெட்டைக் கொடுத்தால் ஒருவருக்கு மேல் ஸ்தாயியில் தொண்டை இறுகும், இல்லையென்றால் மற்றவருக்கு மந்திர ஸ்தாயியில் குரல் அமுங்கும். பாகம் பிரித்தால் ஒவ்வொரு குரலும் தனக்கு இயல்பான இடத்தில் நிற்கும். சாதகத்தால் தீராத பாதிச் சிக்கல் பாடல் தேர்விலேயே தீர்ந்துவிடும்.

இன்றைய பள்ளி, கல்லூரிக் குழுக்கள் செய்வது நேர்மாறு. தனிக்குரலுக்குப் பிறந்த தோடிக் கீர்த்தனையை முப்பது பிள்ளைகளிடம் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு தொண்டையிலும் காந்தாரம் ஒவ்வொரு விதமாக அசைகிறது. உடனே பிள்ளைகளுக்குச் சுருதி இல்லை என்று தீர்ப்பு! மோகனத்திலோ சுத்த சாவேரியிலோ, ஸ்வரங்கள் நேராக நிற்கும் மெட்டொன்றை அதே பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். குறில் நெடிலை ஒரே அளவாக நிறுத்தவும், மூச்சை எங்கே எடுப்பது என்று முன்கூட்டியே பேசிவைக்கவும், சொல்லின் கடைசியில் வரும் மெய்யை ஒன்றாக மூடவும் பழக்குங்கள். ‘ம்’ ஆளுக்கொரு நேரத்தில் வாய் மூடினால் எந்த ராகமும் கலங்கிப்போகும்.

தனியாகப் பாடுகிறவருக்கும் இந்தப் பயிற்சி அவசியம் என்பேன். பக்கத்துக் குரலைக் கேட்டுக்கொண்டே தன் ஸ்வரத்தில் நிற்கப் பழகியவர், வயலின் பின்தொடரும்போது அதையும் கேட்பார். மைக்கை நம்பிக் கத்தும் இன்றைய இளம் பாடகர்கள் பலருக்கு இல்லாதது இந்தச் செவிதான்.

2005இல் இளையராஜாவின் ‘திருவாசகம்’ பெருங்குழுக் குரலைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. ஆனால் அதைப் பாட வாத்தியப் பட்டாளமே வேண்டும். அரசுப் பள்ளியில் ஆர்மோனியம் ஒன்றோடு பாட முடிகிற பாட்டுகள் இப்போது தேவை. எம்.பி.எஸ். அமைத்த பாகங்கள் ஸ்வரக் குறிப்போடு ஒவ்வொரு பள்ளி இசை ஆசிரியரின் கைக்கும் போகவேண்டும். நம் இசையமைப்பாளர்கள் அந்த வரிசையில் புதிதாக எழுதவேண்டும். சங்கீத வித்வத் சபைகள் டிசம்பரில் ஒரு மாலையையாவது அவற்றுக்கு ஒதுக்கட்டும்.