மலைவும் அமைதியும்: நீலி படத்தை முன்வைத்து

குற்றம் காண்பது எளிது. கண்ட குற்றம் குற்றந்தானா என்று தெளிவதே அரிது. 1965-இல் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படத்தில் தருமி கொணர்ந்த பாட்டிற்கு நக்கீரர் குற்றம் கூறும் காட்சியை நம் இல்லங்களில் அறியாதார் இலர். அக்காட்சியைப் பன்முறை கண்டு மகிழ்ந்த நாம், நம் பிள்ளைகள் திரைப்படங்களிற் பிழை தேடுங்கால் மட்டும் 'இஃதென்ன வீண்வேலை?' என்று கடிந்துகொள்கின்றோம். அக்கடிதல் முறையன்று என்பதனை யான் உணர்ந்த நிகழ்ச்சியொன்றே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

2025-ஆம் ஆண்டு ஓணத்தை ஒட்டி 'லோகா: அத்தியாயம் ஒன்று - சந்திரா' என்னும் மலையாளப் படம் வெளிவந்தது. டொமினிக் அருண் இயக்க, கல்யாணி பிரியதர்சன் நடித்த அப்படம், கள்ளியங்காட்டு நீலியை இற்றைநாட் பெங்களூரில் உலவும் வீரநாயகியாக்கிக் காட்டுவது. திருவனந்தபுரத்தில் எங்கள் இல்லத்தார் மூன்று தலைமுறையினரும் ஒருங்கு சென்று கண்டோம். படம் முடிந்தது, வழக்குத் தொடங்கியது. கல்லூரியிற் பயிலும் என் பெயரன், நாயகியின் ஆற்றல் காட்சிக்குக் காட்சி ஒத்து வருகின்றதா என்று கணக்கெடுத்தான். நாஞ்சில் நாட்டில் வளர்ந்தவரும் எண்பதாண்டு கடந்தவருமாகிய என் தமக்கையாரோ, "மக்களே, நீ சின்னச் சின்னத் தப்பத் தேடுக, படமே தப்பாக்கும்! நீலி காட்டுப் பிள்ளையா? கள்ளிக் கொப்பப் பிள்ளையாக்கி இடுப்பில வச்சிட்டு வந்தவல்லா அவ!" என்றார். பள்ளியிற் பயிலும் பெயர்த்தி இருவரையும் மாறி மாறி நோக்கி, "அப்படீன்னா ஆச்சி, எந்த நீலி நெசம்?" என்று வினவினாள். அவ்வினாவிற்கு அன்றிரவு எவரிடத்தும் விடை இல்லை.

இலக்கணம் கூறும் குற்றங்கள்

முன்பின் முரணுதல் குற்றம் என்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. நன்னூலார் நூற்குற்றம் பத்தினுள் 'மாறுகொளக் கூறல்' என ஒன்றனை வைத்தார். தண்டியலங்காரமோ இன்னும் நுணுகி, இடம், காலம், கலை, உலகம், நியாயம், ஆகமம் என்னும் ஆறன்பால் வரும் முரண்களை 'மலைவு' எனப் பெயரிட்டு வகுத்தது. அதனோடு அமையாது, இம்மலைவுகள் சிலவிடத்து வழுவாகாது அமையும் என்றும் கூறிற்று. குற்றத்தைக் கூறும் நூலே அமைதியையும் கூறுவது நம் இலக்கண மரபின் பெருமை என்க. அவ்வளவுகோலை இவ்வகைப் படங்களுக்கு வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, கண்ணிற் படும் பிழை. ஒரு காட்சியில் வலக்கையில் இருந்த காயம் மறுகாட்சியில் இடக்கைக்கு மாறுதலும், பாதி பருகிய தேநீர்க் குவளை மீண்டும் நிறைந்திருத்தலும் இத்தகையன. இவற்றிற்குக் காரணம் வெளிப்படை. திரைப்படம் கதை நிகழும் முறையிற் படமாக்கப்படுவதன்று. இடமும் நடிகரும் வாய்க்கும் முறையில், இறுதிக் காட்சி முதலிலும் முதற்காட்சி இறுதியிலும் எடுக்கப்பெறுவதுண்டு. கதவைத் திறப்பதை ஒரு திங்களிலும், உள்ளே நுழைவதைப் பிறிதொரு திங்களிலும் எடுப்பர். ஆடை, அணி, காயம், கூந்தல் ஆகியவற்றைக் குறித்து வைத்து ஒப்புநோக்கும் பணியை நம் நாட்டில் உதவி இயக்குநர் ஒருவர் மேற்கொள்வர். படப்பிடிப்புத் தளத்தில் இதனைக் 'கண்டினியூட்டி' என்றே வழங்குவர். அவர் கண் ஒருகணம் அயர்ந்தால் காயம் கைமாறிவிடும். இது ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் செய்யும் எழுத்துப்பிழையை ஒக்கும். சுட்டலாம், நகைக்கலாம், ஆயின் அதுகொண்டு படத்தைத் தள்ளுதல் ஆகாது.

இரண்டாவது, நியாயமலைவு. மனிதன் பறத்தல் உலகமலைவே. எனினும் அதனை ஒப்புக்கொண்டே நாம் அரங்கினுள் நுழைகின்றோம். அனுமன் கடல் தாவியதை ஒப்புக்கொண்ட நமக்கு அஃது அரிதன்று. ஆயின் படம் தானே வகுத்த விதியைத் தானே மீறினால் அதனை ஒப்புதல் இயலாது. 1978-இல் ரிச்சர்டு டோனர் இயக்கத்தில் வெளிவந்த 'சூப்பர்மேன்' இதற்குத் தக்க சான்று. இருதிசையிற் செல்லும் இரண்டு ஏவுகணைகளுள் ஒன்றனைத் தடுத்த நாயகன், மற்றொன்று விளைத்த நிலநடுக்கத்தில் தன் காதலி இறக்கக் காண்கின்றான். உடனே உலகை வலம்வந்து காலத்தையே பின்னோக்கித் திருப்பி அவளை உயிர்பெறச் செய்கின்றான். காலத்தைத் திருப்ப வல்லவன் இரண்டு ஏவுகணைகளுக்கு ஏன் திண்டாட வேண்டும்? காலம் திரும்பியபின் அந்நிலநடுக்கம் நிகழ்ந்ததா, இல்லையா? அரை நூற்றாண்டை அணுகியும் இவ்வினாக்கள் ஓய்ந்தபாடில்லை.

இது வழுவே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்படத்திற்குள்ளேயே, மனித வரலாற்றின் போக்கில் தலையிடலாகாது என்னும் தந்தையின் ஆணை முன்னர்க் கூறப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. ஆணையை அறிந்தே மீறுகின்றான் மகன். இழப்பின் துயரம் அவனை விதிகடக்கச் செய்கின்றது. ஆகவே கணக்கிற் பிழைத்த காட்சி உணர்ச்சியிற் பிழைக்கவில்லை. தண்டி நூல் கூறும் அமைதி இத்தகைய இடங்களுக்கே பொருந்துவது எனலாம்.

எந்த நீலி உண்மை?

மூன்றாவது, மரபொடு முரணுதல். இதனை ஆகமமலைவின் பாற்படுத்தலாம் என்பது என் கருத்து. என் தமக்கையார் எழுப்பிய வழக்கு இவ்வகையினதே. அவர் அறிந்த கதை நம்முட் பலரும் அறிந்ததே. முற்பிறப்பிற் கொலையுண்டவள் பழிவாங்க மீண்டும் வருகின்றாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, தன்னைக் கொன்றோனைக் கணவன் என்று கூறி ஊரவைமுன் அழுது வழக்கிடுகின்றாள். 'நீலிக் கண்ணீர்' என்னும் வழக்கு அதன்வழிப் பிறந்ததே. வேளாளர் எழுபதின்மர் அவன் உயிர்க்குப் பிணைநின்று அவளுடன் அவனை விடுகின்றனர். அவள் அவனைக் கொன்று மறைய, வாய்மை தவறா அவ்வெழுபதின்மரும் தீப்பாய்ந்து மாய்கின்றனர்.

இக்கதைக்கு ஊர் யாது? தொண்டை நாட்டார் திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் என்பர். நாஞ்சில் நாட்டார் நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காடு என்பர். மலையாள மரபிலோ அவள் வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்டு மயக்கும் யட்சியாகிக் கடமற்றத்துக் கத்தனாரால் அடக்கப்படுகின்றாள். 1979-இல் 'கள்ளியங்காட்டு நீலி' என்னும் பெயரிலேயே ஒரு மலையாளப் படமும் வந்தது. 2025-ஆம் ஆண்டுப் படத்திலோ அவள் அரசனின் கொடுமைக்கு ஆளான பழங்குடிச் சிறுமி. இத்தனையும் ஒருத்தியின் வரலாறாயின், இடமலைவும் காலமலைவும் எண்ணில் அடங்கா.

ஆயின் இம்முரண் இக்காலத்தார் செய்ததன்று. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியை நோக்குக. அதனில் பழையனூர் நீலி, முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்த வந்து, அவர் அறவுரையால் மனம்மாறி, அவர்தம் மாணவியாகிப் பிறசமயத்தாரை வாதில் வெல்லும் அறிவுடைச் செல்வியாகின்றாள். பேயைப் பேரறிவாட்டி ஆக்கிய அப்புலவர் பெயரும் நாம் அறியோம். அவரைக் கதை திரித்தார் என்று எவரும் பழித்திலர். நீலி நல்லவளாதல் அன்றே நிகழ்ந்துவிட்டது. அப்புலவர்க்கு அளித்த உரிமையை இன்றைய இயக்குநர்க்கு மறுப்பது எங்ஙனம்?

நம் ஊர் தந்த விடை

அற்றேல், காலமுரணை ஆராய்வதே வேண்டாவோ எனின், அங்ஙனமும் அன்று. திருவாலங்காட்டுப் பதிகத்தில் திருஞானசம்பந்தர், வஞ்சித்து உயிர்கொண்ட ஒருத்தியின் செய்தியைக் குறிக்கின்றார். அது நீலி கதையே என்பது உரைமரபு. எனவே சம்பந்தர் காலத்தை அறிந்தால் கதையின் பழமை ஓரளவு புலனாகும். அக்காலத்தை நிறுவியவர் யார்? கால்டுவெல் பெருமகனார் சம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினராகக் கருத, அக்கருத்து ஏனைச் சான்றுகளொடு முரணுதலைக் கண்டு, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பிற்பட்டவர் அல்லர் என நிறுவியவர், இத் திருவனந்தபுரத்தில் மகாராசா கல்லூரிப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளையவர்களே. ஆலப்புழையிற் பிறந்து, மலையாள மண்ணில் வாழ்ந்து, 1891-இல் 'மனோன்மணீயம்' தந்த அப்பெருமகனார் செய்ததும் முரண் காணும் வேலையே. அவ்வேலை தமிழிலக்கிய வரலாற்றை அறுநூறு ஆண்டளவு பின்னோக்கி நீட்டிற்று. அவர்தம் முடிபின்படி, நீலி கதை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கும் மேற்பட்ட பழமையுடையது.

ஆகவே குற்றம் காண்பார்க்கு யான் கூற விழைவது இது. காயம் கைமாறியதைக் கண்டால் நகைத்து மறக்க. படம் தன் விதியைத் தானே மீறின், அம்மீறல் கதைமாந்தரின் நெஞ்சிற் பிறந்ததா, எழுதியோரின் சோம்பலிற் பிறந்ததா என்று வினவுக, சோம்பலாயின் ஒறுக்க. மரபொடு முரணின், முதலில் மரபு முழுவதையும் கற்றுப் பின் பேசுக.

இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளல் கடன். என் பெயர்த்தி நீலியைத் திரையில்தான் முதற்கண் கண்டாள். நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் அவளை எத்துணை முறை அழைத்துச் சென்றிருப்பேன்! ஒருமுறையேனும் அக்கதையை யான் கூறியதில்லை. அவளுக்குத் தமிழ் பேச வரும்; படிக்க வாராது. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது எல்லை ஒன்று விழுந்தது உண்மை. கதைக்கு அவ்வெல்லை இல்லை. அதனைத் தடுத்தது எல்லையன்று, எங்கள் வாய்ச்சோம்பலே. படத்தில் தொடர்ச்சி அறுந்ததாக முறையிட்ட எங்கள் இல்லத்தில்தான் தொடர்ச்சி அறுந்திருந்தது.

மறுநாள் மாலை தொடங்கி மூன்று மாலைகள் என் தமக்கையார் கதை கூறினார். பெயர்த்தி அதனை மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டாள். எழுபதின்மரும் தீயில் மாய்ந்த இடம் வந்ததும் பெயரன் விடவில்லை. "ஆச்சி, அவனும் செத்தான், பிணைநின்னவங்க எல்லாரும் செத்தாச்சு, நடந்தத வெளிய சொன்னது யாரு?" என்று கேட்டான். தமக்கையார் சிறிதும் தயங்காது, "நீலிதாம்லே சொல்லியிருப்பா, அவளுக்கும் நாலு பேரு கேக்கணும்னு இருக்காதா?" என்றார்.

அவ்விடை எவ்விலக்கணத்தின்படி அமைதியாகும் என்று யான் ஆராயவில்லை. பெயர்த்தி அதனையும் எழுதிக்கொண்டாள்.