நீல போர்ட்டும் திக்கும் மவுஸும்

அப்பாவின் டெஸ்க்டாப்பில் ஒயர்லெஸ் மவுஸ் மாதத்தில் சில நாள் மட்டும் திக்கித் திக்கி நகரும். பேட்டரி மாற்றினேன். டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். மவுஸையே இரண்டு தடவை மாற்றினேன், மூன்றாவதும் அதே கதை. "அப்பா, அழுத்தாம மெதுவா நகர்த்துங்க" என்று ஒருநாள் சொல்லியும் விட்டேன். அவருக்கு 74 வயது. அதற்கப்புறம் மவுஸைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

போட்டோக்களை வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுக்கிற நேரத்தில்தான் திக்குகிறது என்பது பிடிபடப் பல மாதம் ஆனது. டிஸ்கை உருவினால் மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடும், செருகினால் நொண்டும்.

தேடியபோது கிடைத்தது, இன்டெல் 2012-ல் வெளியிட்ட ஒரு தொழில்நுட்ப அறிக்கை. யு.எஸ்.பி. 3.0 கிளப்பும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒயர்லெஸ் கருவிகளை என்ன செய்கிறது என்பதுதான் அதன் விஷயம். யு.எஸ்.பி. 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்புகிறது. 0, 1 என்று மாறி மாறி அனுப்பினால் அது 2.5 கிகாஹெர்ட்ஸ் அலை. நிஜத்தில் தரவைக் கலைத்துப்போட்டு அனுப்புவதால் ஆற்றல் ஒரே புள்ளியில் குவியாமல் அகலமாகப் பரவுகிறது. ஒயர்லெஸ் மவுஸ், ப்ளூடூத், பழைய வைஃபை எல்லாம் குடியிருக்கிற 2.4 பட்டை முழுக்க அதற்குள் வந்துவிடுகிறது. வடிகட்டி போடலாமே என்றால், போட்டால் டிஸ்கின் சிக்னலும் சேர்ந்து போய்விடும்! டிஸ்கைச் செருகியதும் அந்தப் பட்டையில் இரைச்சல் சுமார் 20 டெசிபல் ஏறியதாக அளந்து காட்டுகிறார்கள். 20 டெசிபல் என்றால் 100 மடங்கு.

யு.எஸ்.பி.யை உருவாக்கிய நிறுவனங்களில் இன்டெலும் ஒன்று. தன் பிள்ளையின் குறையைத் தானே அளந்து போட்டிருக்கிறது, அந்த நேர்மைக்கு ஒரு சலாம். என் குறை வேறு. அறிக்கை பேசுவது மதர்போர்டும் கருவியும் தயாரிக்கிறவர்களிடம். உலோகக் கவசம் போடு, ஆன்டெனாவைத் தள்ளி வை என்கிறது. கடையில் வாங்கிவந்து செருகுகிற ஆளுக்கு இது எதுவும் வந்து சேரவில்லை. என் டிஸ்க்கின் பெட்டியிலும் மவுஸின் பெட்டியிலும் 'விண்டோஸில் இயங்கும்' என்று இருந்தது. இரண்டுமே உண்மைதான். பக்கத்துப் பக்கத்தில் இயங்குமா என்பதற்குத்தான் பெட்டியில் இடமில்லை. இதற்கிடையில் 3.0 என்ற பெயர் 3.1 ஜென் 1 ஆகி, பிறகு 3.2 ஜென் 1 ஆனது. பெயர் மாற்றக் கிடைத்த நேரத்தில் ஒரு வரி எச்சரிக்கை எழுதியிருக்கலாம்.

'மவுஸ் ரிசீவரை நீல போர்ட்டில் செருகாதே, கறுப்பில் செருகு' என்று இணையத்தில் ஒரு வைத்தியம் உண்டு. பலன் சில சமயம் சரி, காரணம் தப்பு. ரிசீவர் பழைய 2.0 தடத்தைத்தான் பயன்படுத்துகிறது. நீல போர்ட்டில் இருந்தாலும் அது அதிவேகத் தடத்தைத் தொடுவதில்லை. இரைச்சல் வருவது பக்கத்தில் ஓடுகிற டிஸ்கிடமிருந்து, அதன் கேபிளிலிருந்து, இணைப்பு முனையிலிருந்து. கறுப்பு போர்ட் தள்ளி இருந்தால் தப்பிக்கலாம், ஒட்டியே இருந்தால் நிறம் ஒன்றும் காப்பாற்றாது. இங்கே விஷயம் தூரம்தான். இதில் டிரைவருக்கு ஒரு வேலையும் இல்லை, நான் எத்தனை தடவை அழித்துப் போட்டிருப்பேன்!

ஒரு மீட்டர் யு.எஸ்.பி. 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, ரிசீவரை மவுஸ் பேடுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். டிஸ்க் முழு வேகத்தில் ஓடும்போதும் மவுஸ் நிற்கவில்லை. அப்பாவிடம் காரணத்தை விளக்கினேன். ரேடியோ, கிகாஹெர்ட்ஸ் எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ என் கை இல்லையா?" என்றார்.

கழற்றிப்போட்ட பழைய மவுஸ் இரண்டும் இப்போ என் மேஜை டிராயரில் இருக்கு. இரண்டுமே நல்லா வேலை செய்யுது.